பெயர் வைப்பதற்குள் வந்த விருந்தாளி

கோயம்புத்தூர்க்காரங்ககிட்ட ஆத்தைப் பத்திப் பேச்செடுத்தால் சிறுவாணித் தண்ணியின் ருசியில் தொடங்கி, பவானிசாகரில் இன்று எத்தனை அடி நிற்கிறது என்பதில் முடிப்போம். மீன் கணக்கிலேயே வராது. ஆனால் நம் ஆறுகளுக்கே உரிய மீன் ஒன்று, பாதுகாப்பு என்கிற பெயராலேயே அழிவின் விளிம்புக்குப் போயிருக்கிறது.

திமில் மாசீர். கெண்டைக் குடும்பத்து மீன். வளர வளர முதுகு காளையின் திமில்போல மேடிடும். காவிரியையும் அதன் கிளையாறுகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் வெளியிட்ட தூண்டில் நூல், மாசீர் என்றாலே வெள்ளைக்காரர்களை ஆற்றங்கரைக்கு ஓடவைத்தது. 1946இல் மைசூர்க்காரர் வான் இங்கன் பிடித்த மீன் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. இவ்வளவு புகழ் இருந்தும், இதற்கென்று ஒரு அறிவியல் பெயர் நெடுங்காலம் இருக்கவில்லை.

மாசீர் குறைகிறது என்ற கவலையில் 1970களில் லோனாவ்லாவில் டாடா மின் நிறுவனம் மீன்குஞ்சுப் பண்ணை தொடங்கியது. அங்கே வளர்ந்தது நீலத்துடுப்பு மாசீர். 1839இல் புனே பக்கத்து ஆற்றிலிருந்து சைக்ஸ் விவரித்த இனம், கிருஷ்ணா படுகைக்காரன். அந்தக் குஞ்சுகளைக் காவிரியிலும் விட்டார்கள். மாசீர்னா மாசீர்தானே! நல்லெண்ணத்தில் சந்தேகமில்லை. ஆனால் கர்நாடகத் தூண்டில் முகாம்களின் 1998 முதல் 2012 வரையிலான பதிவேடுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான கட்டுரை வேறு கதை சொன்னது: நீலத்துடுப்பு பெருகிக்கொண்டே போக, திமில் மாசீர் தேய்ந்துகொண்டே வந்திருந்தது. மொத்தக் கணக்கில் மாசீர் செழிப்பாகத்தான் தெரியும். சொந்தக்காரன் காணாமல் போனது அந்தக் கூட்டலில் மறைந்துவிட்டது.

இதற்கிடையே, கேரளத்துப் பாம்பாறில் பிடித்த சின்ன மீன்களை வைத்து டோர் ரெமாதேவி என்றொரு இனத்தை விவரித்திருந்தார்கள். பாம்பாறு வேறு யாருமல்ல. மலையிறங்கி உடுமலைப் பக்கம் வந்தால் நம்ம அமராவதி. 2018இல் மாயாற்று மீன்களின் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டபோது, திமில் மாசீரும் அந்தச் சின்ன மீனும் ஒன்றே எனத் தெரிந்தது. அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக அருகிய இனம் என்று அறிவித்தது. பெயர் உறுதியானதும் கடைசி எச்சரிக்கையும் ஒரே வருஷத்தில்.

குஞ்சு விட்டது மட்டுமே காரணமில்லை. வெள்ளம் வந்ததும் மேலாற்றுக்கு ஏறி, கூழாங்கல் படுகையில் முட்டையிடும் மீன் இது. மேட்டூர் 1934, பவானிசாகர் 1955, அமராவதி 1957 என ஒவ்வொரு அணையும் ஒரு வழியை அடைத்தது. அணையே கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை; கீழ்பவானி வாய்க்கால் பாசனத்துச் சோறு தின்று வளர்ந்தவன்.

ஆனால் பவானிசாகருக்கு மேலே, முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே மாயாறு இன்னும் காட்டுக்குள் ஓடுகிறது. அந்தத் துண்டு ஆற்றில் வெடிவைத்து மீன் பிடிப்பதை நிறுத்த வேண்டும். கோடையிலும் தண்ணீர் ஓட வேண்டும். முக்கியமாக, அடுத்த முறை யாராவது மீன்வளம் பெருக்கக் குஞ்சு கொண்டுவந்தால், எந்த ஊர்க் குஞ்சு என்று நாம் கேட்க வேண்டும்.