ஒரே வருஷம், மூணு மாணவர்கள்

மைக்கேல்சன்-மோர்லி பரிசோதனைன்னு ஃபிசிக்ஸ் புத்தகத்துல எங்கேயாவது கண்ணில் பட்டிருக்கும். ஈதர் ஈதர்னு தேடி, அப்படி ஒண்ணு இருக்கிற அடையாளமே சிக்காமப் போன பரிசோதனை. அந்த மைக்கேல்சன் எங்கே படிச்சார்னு கேட்டா ஹார்வர்ட், யேல்னு ஏதாவது சொல்லத் தோணும். இல்லீங்க. அவர் படிச்சது கடற்படை அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற கல்லூரியில். நான் மாஸ்டர்ஸ் படிக்கிற இதே மேரிலாந்து மாநிலத்தின் தலைநகர் அன்னாபொலிஸில் இருக்கிற அமெரிக்கக் கடற்படை அகாதமி. 1873இல் பாஸ் பண்ணி வெளியே வந்தார்.

அதே பேட்ச்சில் ஒரு ஜப்பானியரும் இருந்தார். அதே வருஷம் ஒரு கறுப்பின மாணவர் படிப்பை விட்டுட்டு வெளியே போனார். இந்த மூணு பேரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்ததில் இருந்து அந்தக் கல்லூரியோட சரித்திரமே எனக்கு வேற மாதிரி தெரியுது. அதான் இந்தப் பதிவு.

முதல்ல கல்லூரி வந்த கதை. அதுவே ஒரு திகில் படம் மாதிரி..

தரைப்படைக்கு 1802லேயே வெஸ்ட் பாயிண்ட் வந்துடுச்சு. கடற்படைக்கு அப்படி எதுவும் கிடையாது. மீசை முளைக்காத பையனைக் கப்பலில் ஏத்தி விட்டா பார்த்துப் பார்த்தே கத்துக்குவான் என்பது அன்றைய சித்தாந்தம். நம்மூர் லாரி கிளீனர் டிரைவர் ஆகிற மாதிரி :-) கல்லூரி வேணும்னு யாராவது யோசனை சொன்னா, அமெரிக்க காங்கிரஸ் அதை ஓரமா வெச்சிடும்.

1842இல் சோமர்ஸ் என்கிற சின்னக் கப்பல், பயிற்சிக்காக ஆப்பிரிக்கக் கரைப்பக்கம் போயிட்டுத் திரும்பிக்கிட்டு இருந்தது. உள்ளே பெரும்பாலும் விடலைப் பசங்க. அதில் பிலிப் ஸ்பென்சர்னு 19 வயசு மிட்ஷிப்மேன், அதாவது பயிற்சியில் இருக்கிற அதிகாரி. கப்பலைக் கைப்பற்றிக் கடற்கொள்ளைக்குக் கிளம்பப் போறதா ஒருத்தர்கிட்ட சொல்லி வெச்சான். விளையாட்டுக்குச் சொன்னானா, நிஜமாவான்னு இன்னைக்கும் சண்டை நடக்குது. சோதனை போட்டப்போ கிரேக்க எழுத்துல எழுதின ஒரு பெயர்ப்பட்டியல் சிக்கியது. 1842 டிசம்பர் 1ஆம் தேதி, முறையான ராணுவ நீதிமன்ற விசாரணை எதுவும் இல்லாம, ஸ்பென்சரையும் இன்னும் ரெண்டு மாலுமிகளையும் கப்பல்லயே தூக்குல போட்டுட்டார் கமாண்டர் மெக்கன்சி.

ஸ்பென்சரோட அப்பா யார் தெரியுமா? அமெரிக்காவின் அன்றைய போர்த்துறை அமைச்சர்! ஊரே கொந்தளிச்சது. மெக்கன்சி மேல கோர்ட் மார்ஷல் நடந்து, அவர் தப்பிச்சுட்டார். ஆனா பசங்களைக் கடல்ல விட்டு அதிகாரி ஆக்குற முறை மேல விழுந்த அடி ஆறவே இல்லை.

1845இல் கடற்படை அமைச்சரா வந்தவர் ஜார்ஜ் பான்கிராஃப்ட். அடிப்படையில வாத்தியார், சரித்திர ஆசிரியர். காங்கிரஸைக் கேட்டாத்தானே மாட்டேன்னு சொல்லும்? கேட்கவே இல்லை மனுஷன். ராணுவத்துகிட்ட இருந்து செவர்ன் கோட்டைன்னு 10 ஏக்கர் இடத்தைக் கை மாத்திக்கிட்டார். ஏற்கெனவே சம்பளம் வாங்கிக்கிட்டு இருந்தவங்களையே வாத்தியாராப் போட்டார். 1845 அக்டோபர் 10, 50 மாணவர்கள், 7 ஆசிரியர்கள், கடை திறந்தாச்சு. அந்த ஏழு பேர்ல ஒருத்தர் கணித மேதை வில்லியம் சோவனே. லேப்ல ஒத்து வராத ரீடிங்கைத் தூக்கிப் போட ‘சோவனே கிரைட்டீரியன்’னு ஒண்ணு பயன்படுத்துவோமே, அவரேதான். 1850இல் கடற்படை அகாதமி என்கிற பேர் வந்தது. உள்நாட்டுப் போர் சமயத்துல ரோட் ஐலண்டுக்குப் போய், 1865இல் திரும்பி வந்தது.

சரி, இப்ப மூணு பேர் கதை.

இங்கே சேர மார்க் மட்டும் போதாது, ஒரு காங்கிரஸ் உறுப்பினர் சிபாரிசு பண்ணணும். அந்தக் காலத்துல ஜனாதிபதிக்குன்னு தனியா பத்து இடம் இருந்தது. ஆல்பர்ட் மைக்கேல்சன் பிரஷ்யாவில் பிறந்த யூதர், குழந்தையா இருக்கிறப்பவே அமெரிக்கா வந்தவர். 1869இல் நேரா ஜனாதிபதி கிராண்ட்டைப் போய்ப் பார்த்தார். பத்து இடமும் காலி. காலின்னா தீர்ந்துபோச்சு :-) கடைசியில பதினோராவதா இடம் கிடைச்சது. விதி வளைஞ்சது. அதே கல்லூரியில் வாத்தியாராத் திரும்பி வந்து, 1879இல் ஒளியின் வேகத்தை விநாடிக்கு 299,910 கி.மீ.னு அளந்தார். இன்றைய கணக்கு 299,792. 1907இல் நோபல் பரிசு.

மாட்சுமுரா ஜுன்சோ விஷயத்துல சட்டமே வளைஞ்சது. வெளிநாடு போறதே மரணதண்டனைக் குற்றமா இருந்த காலத்துல, 1865இல், பேரை மாத்திக்கிட்டு ஜப்பானை விட்டுக் கிளம்பின சாட்சுமா மாணவர்கள்ல ஒருத்தர் அவர். ஜப்பானிய மாணவர்களைச் சேர்த்துக்கலாம்னு அமெரிக்க காங்கிரஸ் 1868இல் அனுமதி கொடுத்தது. 1873இல் பட்டம். பிற்பாடு ஜப்பானியக் கடற்படைக் கல்லூரிக்கே தலைவர் ஆனார்.

மூணாவது ஆள் ஜேம்ஸ் ஹென்றி கான்யர்ஸ். தெற்கு கரோலினா, கறுப்பினத்தவர். உள்நாட்டுப் போர் முடிஞ்சு, தெற்கில் கறுப்பர்கள் ஓட்டுப் போட்டு கறுப்பர்களே காங்கிரஸுக்கு வந்த சில வருஷங்கள் அவை. அப்படி வந்த ராபர்ட் எலியட் சிபாரிசு செய்ய, 1872 செப்டம்பரில் சேர்ந்தார். உதை, குத்து, வசவு, யாரும் பேசாம ஒதுக்கி வைக்கிறது. ராகிங்னு ஒரு வார்த்தைல அடக்க முடியாது. விசாரணை வெச்சு சிலரைத் தண்டிச்சாங்க, ஆனா நிக்கலை. 1873 நவம்பரில் வெளியேறினார். படிப்புல பின்தங்கிட்டார்னு ரெக்கார்டு சொல்லுது. அடி வாங்கிக்கிட்டே பிரெஞ்சு இலக்கணம் படிச்சுப் பார்த்தவங்கதான் அதுக்குப் பதில் சொல்லணும்.

வெளிநாட்டுக்காரன் என்கிற முறையில எனக்கு உறுத்துற இடம் இதுதான். கடல் தாண்டி வந்தவனுக்கு வளைஞ்சு கொடுத்த கதவு, அந்த மண்ணிலேயே பிறந்தவன் முகத்துல சாத்துச்சு.

கான்யர்ஸுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு கறுப்பின மாணவர்கள் வந்தாங்க. அவங்களும் தங்க முடியலை. அலோன்ஸோ மெக்லெனன் டாக்டராகி, 1897இல் சார்ல்ஸ்டனில் மருத்துவமனையும் நர்ஸ் பயிற்சிப் பள்ளியும் தொடங்கினார். ஹென்றி பேக்கர் அமெரிக்கப் பேட்டண்ட் அலுவலகத்துல வேலைக்குச் சேர்ந்து, கறுப்பினக் கண்டுபிடிப்பாளர்கள் யார் யார்னு தேடித் தேடிப் பட்டியல் போட்டார். பேட்டண்ட்ல நிறம் எழுத மாட்டாங்க. ஒவ்வொருத்தரையும் விசாரிச்சுத்தான் கண்டுபிடிக்கணும். இன்னைக்கு அந்தக் காலக் கறுப்பினக் கண்டுபிடிப்பாளர்கள் பத்தி எழுதுறவங்க எல்லாரும் அவரோட பட்டியல்ல இருந்துதான் ஆரம்பிக்கணும். கடற்படை இழந்தது இந்த மாதிரி மூளைகளை.

அப்புறம் தெற்கில் ஓட்டுரிமையைப் பறிச்சாங்க. 1901 முதல் 1929 வரை காங்கிரஸில் ஒரு கறுப்பினத்தவர்கூடக் கிடையாது. சிபாரிசு பண்ண ஆள் இருந்தாத்தானே? 1936, 1937இல் சேர்ந்த ரெண்டு பேரும் பாதியில் வெளியே. ஆறாவதா 1945இல் வந்தவர் வெஸ்லி பிரவுன்.

டீமெரிட்டை அள்ளிக் கொட்டினாங்க. ஓட்டப்பந்தய அணியில் கூட ஓடின சீனியர் ஒருத்தர் தோழமையா இருந்தார். பேரு ஜிம்மி கார்ட்டர், பின்னாளில் ஜனாதிபதி. 1949 ஜூன் 3, பிரவுன் கையில் பட்டம். கான்யர்ஸ் சேர்ந்ததிலிருந்து 77 வருஷம். பெண்களுக்கு இன்னும் தாமதம். 1976இல் 81 பேர் சேர்ந்து, 1980இல் 55 பேர் முடிச்சாங்க. நம்ம சுனிதா வில்லியம்ஸ் 1987 பேட்ச்.

பிரவுன் கடற்படை சிவில் இன்ஜினியரா 1969 வரை இருந்தார். ஹவாயில் வீடுகள், லைபீரியாவில் ரோடுன்னு கட்டிக்கிட்டே இருந்தவர். 2008இல் அன்னாபொலிஸில் ஒரு பெரிய உள்விளையாட்டரங்கத்துக்கு அவர் பேரை வெச்சாங்க. அப்ப அவருக்கு 81 வயசு.