கணினி மின்வழங்கிப் பழுதறிதல்: கயத்தாறு வட்டாரக் குறிப்புகளுடன்

கணினி மின்வழங்கி என்பது சுவர் பிளக்கில் வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை, கணினிக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டி. கடைத்தெருவில் இதற்கு எஸ்.எம்.பி.எஸ். என்றுதான் பெயர். பொத்தானை அழுத்தியும் சிஸ்டம் ஆன் ஆகவில்லை என்றால் முதல் பழி இதன்மேல்தான் விழும். மாற்றச் சொல்லிக் கழற்றப்படும் பெட்டிகளில் பல உண்மையில் நல்ல நிலையில் இருப்பவை. சோதனையை வெளியிலிருந்து உள்ளே, ஒழுங்காகச் செய்துகொண்டு போனால் வீண்செலவைத் தவிர்க்கலாம்.

தூத்துக்குடி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், தேசிய நெடுஞ்சாலை 44-இல் கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே உள்ளது கயத்தாறு. தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையம் இங்கேதான் இருக்கிறது. ஊரைச் சுற்றி இத்தனை காற்றாலைகள் நின்றாலும் வீட்டுக்கு வருவது மாநில மின்தொகுப்பின் மின்சாரமே. 'காற்றாலைக் கரண்டு' கணினியைக் கெடுக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. காற்று செய்கிற கெடுதல் வேறு. தென்மேற்குப் பருவக்காற்று கிளப்பிவிடும் கரிசல் புழுதி பெட்டியின் விசிறி வழியே உள்ளே போய் அடையாகப் படிகிறது. சூடு வெளியேற வழியில்லாமல் மின்தேக்கிகளின் ஆயுள் குறைகிறது. கடலோரத்தில் கதை கொஞ்சம் மாறும்: தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் உப்புக் காற்று கனெக்டர் முட்களை அரிக்கும்.

சுவரிலிருந்து பெட்டி வரை

சோதனை பிளக்கில் தொடங்குகிறது. அதே பிளக்கில் ஒரு டேபிள் லேம்ப் எரிகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. கணினி யு.பி.எஸ். வழியாக ஓடுகிறது என்றால் அதை விலக்கிவிட்டு நேரடியாகச் சுவரில் செருகிப் பார்க்க வேண்டும். சிறிய யு.பி.எஸ்.களில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி சில ஆண்டுகளில் செத்துவிடும். பேட்டரி செத்தால் கரண்டு இருந்தாலும் ஆன் ஆக மறுக்கும் யு.பி.எஸ்.கள் உண்டு. கணினி கெட்டுவிட்டதாக நினைத்துக் கடைக்குத் தூக்கிப் போவார்கள், அங்கே அது நன்றாக ஓடும்.

அடுத்து, பெட்டியின் பின்புறம் உள்ள சுவிட்ச் ஆனில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய மாடல்களில் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்ச் ஒன்றும் இருக்கும். நம் நாட்டில் அது 230-இல்தான் இருக்க வேண்டும். 115-க்குத் தள்ளிவிட்டு மின்சாரம் கொடுத்தால் உள்ளே வெடிச்சத்தத்தோடு கதை முடியும். 230-இல் வைத்த பெட்டிக்கு வடிவமைப்பு அனுமதிக்கும் வரம்பு ஏறத்தாழ 180 முதல் 264 வோல்ட் வரை. வோல்டேஜ் அதற்குக் கீழே இறங்கும் மாலை வேளையில் ஆன் ஆகாத கணினி, காலையில் ஒன்றும் நடக்காததுபோல் ஆன் ஆகும்.

கேபினெட்டைத் தொட்டால் விரலில் ஜிவ்வென்று ஏறுகிறது என்பதும் அடிக்கடி கேட்கும் புகார். இது மின்வழங்கியின் பழுது அல்ல. இரைச்சலை வடிகட்ட உள்ளே இரண்டு சிறு மின்தேக்கிகள் இரு மின்கம்பிகளையும் உலோக உறையோடு இணைக்கின்றன. எர்த் இல்லாத வீட்டில் உறையின் மின்னழுத்தம் சுமார் 115 வோல்ட்டில் போய் நிற்கும்; கசியும் மின்னோட்டம் மிகச் சிறியது. மருந்து ஒன்றுதான்: எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்வது.

பச்சைக் கம்பி

இன்டெல் 1995-இல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். முறையில் மின்வழங்கி முழுதாக அணைவதில்லை. பிளக்கில் இருக்கும்வரை ஊதா நிறக் கம்பியில் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தும்போது மதர்போர்டு பச்சைக் கம்பியைத் தரையோடு (கருப்புக் கம்பியோடு) இணைக்கும். அதன் பிறகே மற்ற மின்னழுத்தங்கள் எழும். அவை நிலைபெற்றதும் சாம்பல் நிறக் கம்பியில் 5 வோல்ட் வந்து 'எல்லாம் சரி' என்று மதர்போர்டுக்குச் சொல்லும். அதற்கு ஆகும் நேரம் 100 முதல் 500 மில்லி விநாடி.

ஆகவே மல்டிமீட்டரை முதலில் வைக்க வேண்டிய இடம் ஊதாக் கம்பி. அங்கே 5 வோல்ட் இல்லை, சுவரில் மின்சாரம் இருக்கிறது என்றால் பெட்டி பழுது. இருந்தால், பொத்தானைச் சந்தேகிக்க வேண்டும். மதர்போர்டில் பவர் சுவிட்ச் செருகும் இரண்டு முட்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டுவிட்டதும் கணினி ஓடத் தொடங்கினால், கெட்டது கேபினெட்டின் முன்பக்கப் பொத்தான் மட்டுமே.

அதற்கும் மசியவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 24 முள் கனெக்டரையும் மற்ற இணைப்புகளையும் கழற்ற வேண்டும். பச்சைக் கம்பி ஒன்றே ஒன்றுதான், இருபுறமும் கருப்பு. எல்லாக் கம்பியும் கருப்பாக வரும் புதிய மாடல்களில் அது 16-ஆம் முள். பச்சையையும் பக்கத்துக் கருப்பையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, பிறகு மின்சாரம் கொடுத்தால் விசிறி சுழல வேண்டும். ஆனால் விசிறி சுழன்றதும் பெட்டி நல்லது என்று முடிவுகட்டுவது பரவலான தவறு. சுமை இல்லாமல் ஓடும் பெட்டி, சுமை ஏறியதும் படுத்துவிடலாம். கனெக்டரை மீண்டும் மாட்டி, கணினி ஓட முயலும்போதே அளக்க வேண்டும்: மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை இருந்தால் சரி.

விசிறி ஒரு துடிப்புத் துடித்து நின்றால், எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பாதுகாப்புச் சுற்று சொல்கிறது. ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு, முன்பக்க யு.எஸ்.பி. எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினால் குற்றவாளி தானே வெளிப்படும். விசிறி சீராக ஓடியும் திரையில் ஒன்றும் வரவில்லை என்றால், பிராசசருக்கு அருகே செருக வேண்டிய 4 அல்லது 8 முள் கனெக்டரையும் ரேமையும் பார்க்க வேண்டும்.

மாற்றுவதா, பிரிப்பதா

பெட்டியைப் பிரிப்பது வீட்டு வேலை அல்ல. உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். சுற்று செத்த பெட்டியில் அது வடிய நேரமும் கூடும். தலை உப்பிய மின்தேக்கியை மாற்றிப் பிழைக்கவைக்கும் திறமைசாலிகள் உண்டு. வெள்ளத்தில் நனைந்ததற்கு அதுவும் உதவாது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 90 செ.மீ.க்கும் மேல் மழை பெய்து தூத்துக்குடி மாவட்டமே மூழ்கியது. அப்படி மூழ்கிய பெட்டியை வெயிலில் காயவைத்தால் தண்ணீர் போகும், சேறும் உப்பும் போகாது. புதிது வாங்குவதே சரி.

புதிதாக வாங்கியது கம்பிகளைத் தனியாகக் கழற்றும் வகை என்றால், பழைய பெட்டியின் கம்பிகளை அதில் செருகக் கூடாது. பெட்டிப் பக்கத்து முள் வரிசைக்குப் பொதுத் தரம் கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரு மாடல்களுக்குள்ளேயே அது மாறும். கனெக்டர் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்ட் டிஸ்க் எரியும்.