டயர் காற்றும் ஒரு வரலாறுதான்



"டயர் ரெண்டு ஓரமும் தேயுது, நடு அப்படியே இருக்கு டீச்சர்" என்று பிக்கப் ஓட்டும் என் பழைய மாணவன் கேட்டிருந்தான். காற்று குறைவு, தம்பி. கூடினால் நடுவில் தேயும். வரலாற்று டீச்சரிடம் கேட்டுவிட்டு இதோடு தப்ப முடியுமா?

அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம், ரேஞ்சர் பிக்கப்பின் அடித்தளத்தில் எக்ஸ்ப்ளோரர் என்ற உயரமான வண்டியை 1990இல் கொண்டுவந்தது. டயருக்கு 26 பவுண்டு காற்று போதும் என்றது. காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும், சூடேறும். அதோடு வெயிலும் பாரமும் வேகமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை ஓட்டத்திலேயே உரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். 2000 ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றார்கள்.

வண்டிக்காரர் டயரைக் குறை சொன்னார், டயர்காரர் வண்டியை. 30 பவுண்டு வையுங்கள் என்று டயர் நிறுவனம் பிறகு சொன்னது. இருவர் மீதும் தவறு என்பதே என் கணிப்பு. கிட்டத்தட்ட நூறாண்டு வியாபார உறவு 2001இல் முறிந்தது.

இதன் விளைவாக வந்த சட்டத்தால், 2007 செப்டம்பர் முதல் அங்கே புதிய கார், பிக்கப் எல்லாவற்றிலும் காற்று குறைந்தால் எரியும் விளக்கு கட்டாயமானது. கால் பங்கு குறைந்தபின் எரிந்தாலும் சட்டப்படி சரிதான்!

தம்பி, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் காற்றளவு ஒட்டியிருக்கும். பாரம் ஏற்றும்போது பின்சக்கரத்துக்கு வேறு அளவு போட்டிருக்கிறதா பார். காலையில், வண்டி எடுக்குமுன் அளந்துகொள்.