முதல் நான்கு பைட்

50823. பைத்தான் 2.0 உருவாக்கிய பைட்கோட் கோப்பு எதைத் திறந்தாலும் தொடக்கத்தில் இந்த எண்தான் இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் ஏதோ ஓர் எண். பிரித்துப் படித்தால் தேதி. ஆண்டிலிருந்து 1995-ஐக் கழித்தால் 5, மாதம் 08, நாள் 23. அதாவது 2000 ஆகஸ்ட் 23. பைட்கோட்டின் அமைப்பு மாறும்போது தேதியையே அடையாள எண்ணாக எழுதிவிடுவது அந்தக் காலத்துப் பைத்தான்காரர்களின் வழக்கம். 2.2-க்கு 60717, அதாவது 2001 ஜூலை 17. ஆனால் எண்ணுக்கு ஒதுக்கியது இரண்டே பைட். 65535-க்கு மேல் அதில் கொள்ளாது. 2002 பிறந்தால் எண் 70000-ஐத் தாண்டியாக வேண்டும், தாண்ட இடமில்லை. வழக்கம் அத்தோடு முடிந்தது. அதன் பிறகு வந்த எண்களில் தேதி கிடையாது, பைத்தான் 2.7-இன் எண் 62211, 3.8-இன் எண் 3413.

அடுத்த இரண்டு பைட் அன்றும் இன்றும் ஒன்றேதான்: 13, 10. பழைய தட்டச்சு இயந்திரத்தில் வண்டியைத் தள்ளி வரியை மாற்றுவோமே, அந்த இரண்டு குறிகள். யாராவது இந்தக் கோப்பை எழுத்துக் கோப்பு என்று எண்ணி ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் இந்த இரண்டும்தான் முதலில் சிதையும். சிதைந்த கோப்பைப் பைத்தான் தொடாது. இதை யோசித்து வைத்தவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

என் பிழைப்பே இந்த நான்கு பைட்டோடுதான். வீடு ஸ்ரீரங்கம். வேலை சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு மாடி அறையில். சின்னச் சின்ன லினக்ஸ் பெட்டிகளுக்கு இமேஜ், அதாவது உள்ளே ஏற்ற வேண்டிய மென்பொருள் மொத்தத்தையும் ஒரே கோப்பாக, கட்டிக் கொடுக்கிறோம். பெட்டிக்குள் இருக்கும் சிப் ஒன்று, எங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரின் சிப் வேறொன்று. மேஜையில் கட்டியது பெட்டியில் ஓட வேண்டும். கிராஸ் பில்ட் என்போம்.

இந்தத் தொழிலுக்குப் பெரிய பரம்பரை உண்டு. 1975-இல் பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேர் கணினிக்குப் பேசிக் மொழியை எழுதியபோது அவர்கள் கையில் ஆல்டேரே இல்லை. ஹார்வர்டில் இருந்த பிடிபி-10 கணினியில், 8080 சிப்பைப் போல நடிக்கும் ஒரு நிரலை ஆலன் எழுதி, அதன் மேல்தான் சோதித்தார்கள். காகித நாடாவை எடுத்துக்கொண்டு அவர் ஆல்புகர்க்கி போய் இறங்கி, உண்மையான ஆல்டேரில் ஏற்றிய அன்றுதான் அது முதன்முதலாக அங்கே ஓடியது.

ஒரு இடத்தில் கணித்து வைத்துக்கொண்டு இன்னொரு இடத்தில் பயன்படுத்துவது அதற்கும் வெகு முந்தைய பழக்கம். எங்கள் ஊரில் வாக்கியப் பஞ்சாங்கம் இன்றும் வழக்கில் இருக்கிறது. சந்திரன் 248 நாளில் நிற்கும் நிலைகளை முன்பே கணித்து, எண்களை எழுத்துகளாக்கி, மனப்பாடம் செய்ய ஏற்ற வாக்கியங்களாகக் கட்டி வைத்த முறை அது. 1825-இல் ஜான் வாரன் என்ற அதிகாரி புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அந்தக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்பாடு முழுவதையும் நினைவிலிருந்தே எடுத்து, அந்த ஆண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம்தான் பிசகு. வாய்பாட்டுக்குப் பின்னால் இருந்த சித்தாந்தம் அவருக்குத் தெரியாது என்று வாரன் எழுதினார். தெரிய வேண்டிய தேவையும் இல்லை. யோசிக்க வேண்டியதை எவரோ முன்பே யோசித்து முடித்திருந்தார். பைட்கோட்டின் வேலையும் இதுதான்.

நாம் எழுதும் பைத்தான் நிரலைப் பைத்தான் அப்படியே ஓட்டுவதில்லை. முதலில் படித்து, பிரித்து, பைட்கோட் என்ற இடைநிலை வடிவத்துக்கு மாற்றி, பிறகே ஓட்டுகிறது. வேறொரு நிரல் இறக்குமதி செய்யும் தொகுதியாக இருந்தால், மாற்றியதை ஒரு பிஒய்சி கோப்பில் சேமித்தும் வைக்கிறது. அடுத்த முறை அதே வேலையை மறுபடி செய்ய வேண்டாம். அந்தக் கோப்பின் தலையில் அடையாள எண்ணுக்குப் பிறகு மூல நிரல் கடைசியாக மாறிய நேரம் இருக்கும். 2012-இல் வந்த 3.3 முதல் மூல நிரலின் அளவும் சேர்ந்தது. மூன்றும் ஒத்துப்போனால் சேமித்ததை எடுத்துக்கொள்ளும். ஒன்று பிசகினாலும் ஒதுக்கிவிட்டு மறுபடி மாற்றும், சத்தமே இல்லாமல்.

அந்தச் சத்தமின்மைதான் எங்கள் தொழிலில் வில்லங்கம். சில வருடங்களுக்கு முன் தனியார் டவுன் பஸ் ஒன்றில் நிறுத்தங்களை அறிவிக்கும் பெட்டியைப் பார்க்கச் சொல்லி அழைத்தார்கள். வேறு யாரோ செய்து கொடுத்த பெட்டி. சத்திரத்தில் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வந்து கிளப்பினால் பெட்டி நெடுநேரம் வாய் திறக்காது.

"சார், அண்ணா சிலையைத் தாண்டி காவிரிப் பாலத்துல ஏறுனப்புறம்தான் இது 'அடுத்த நிறுத்தம் அண்ணா சிலை'ன்னு சொல்லுது. ஜனங்க என்னையப் பார்த்துச் சிரிக்கிறாங்க" என்றார் கண்டக்டர்.

"பெட்டி கெட்டுப்போகலண்ணே. ஒவ்வொரு தடவையும் பாடத்தை முதல்லேருந்து படிக்குது" என்றேன்.

மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்து, பைத்தானை விளக்கமாகப் பேசும் நிலையில் ஓட்டினேன். ஒவ்வொரு தொகுதிக்கும் பைட்கோட் பழசாகிவிட்டது என்ற ஒரே வரி வந்து விழுந்துகொண்டே இருந்தது. அடையாள எண் சரியாக இருந்தது. நேரம் தப்பு. இமேஜ் கட்டிய ஸ்கிரிப்ட் முதலில் எல்லாவற்றையும் பைட்கோட்டாக மாற்றியிருக்கிறது. அதன் பிறகு, ஒவ்வொரு பில்டும் ஒரே மாதிரி வர வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், எல்லாக் கோப்புகளின் தேதியையும் ஒரே தேதியாக மாற்றிவிட்டது. பிஒய்சியின் தலையில் எழுதியிருந்த பழைய நேரம் மட்டும் மாறவில்லை. பெட்டியின் கோப்பு முறைமையோ படிக்க மட்டுமே முடிகிற வகை. பைத்தான் மறுபடி மாற்றும், சேமிக்கப் பார்க்கும், முடியாது, பேசாமல் விட்டுவிடும். அடுத்த தடவை பஸ் கிளம்பும்போது அதே கதை. பழைய, மெதுவான ஏஆர்எம் சிப்புக்கு இந்த ஒரு வேலையே ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்தது.

இதற்கு மருந்து 2018-இல் வந்த 3.7 பதிப்பில் இருக்கிறது. பெஞ்சமின் பீட்டர்சன் எழுதிய, பைத்தான் மேம்பாட்டுக்கான 552-ஆம் முன்மொழிவு, நேரத்துக்குப் பதில் மூல நிரலின் உள்ளடக்கத்திலிருந்து கணித்த ஒரு குறியீட்டைத் தலையில் எழுத வழி செய்தது. சரிபார்க்கவே வேண்டாம், அப்படியே நம்பு என்று சொல்லும் வகையும் அதில் உண்டு. இமேஜுக்குள் மூல நிரல் மாறப்போவதே இல்லை என்னும்போது எங்களுக்கு அதுதான் பொருத்தம். அந்தப் பெட்டியில் 3.7 இருந்ததால் அப்படியே மாற்றிக் கொடுத்தோம்.

இது வருவதற்கு முன் பட்ட பாடு கொஞ்சமல்ல. பைட்கோட்டுக்குச் சிப் எதுவாக இருந்தாலும் கவலையில்லை. பதிப்பு மாறினால் மட்டும் கூடாது. இது பலருக்குப் புரியாமல் இருந்தது. மேஜைக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு பைத்தான் இருக்கிறதே என்று அதைக் கொண்டே மாற்றிவிடுவார்கள். மூல நிரலும் உடன் போனால் பெட்டி மெதுவாகும். இடம் மிச்சம் என்று பிஒய்சியை மட்டும் அனுப்பியிருந்தால், அடையாள எண் சரியில்லை என்று சொல்லிப் பெட்டி படுத்துவிடும். 3.5 தொடருக்குள்ளேயே ஒருமுறை 3350 என்பது 3351 ஆனது. யுசிலிப்சி என்ற சி நூலகத்தை எழுதியவர்கள் 2001-இல் தொடங்கிய, இமேஜ் கட்டும் கருவியான பில்ட்ரூட் இதற்கு நேர்வழி கண்டது: பெட்டிக்குப் போகும் பைத்தான் எந்தப் பதிப்போ, அதே பதிப்பை முதலில் மேஜைக் கம்ப்யூட்டருக்காகவும் கட்டு, அதைக் கொண்டு பைட்கோட் செய். மூல நிரல் மட்டுமா, பிஒய்சி மட்டுமா, இரண்டுமா என்று கேட்டு அதன்படி செய்யும். பைத்தானும் வழிக்கு வந்தது. 2022-இல் வெளியான 3.11, கிராஸ் பில்ட் என்றால் உள்ளூரில் ஓடும் பைத்தானைக் காட்டியே ஆக வேண்டும் என்று விதித்துவிட்டது.

பாரி வார்சாவின் 3147-ஆம் முன்மொழிவையும் சொல்ல வேண்டும். 2011-இல் 3.2-ஓடு அது வந்த பிறகு பிஒய்சி கோப்புகள் தனி ஃபோல்டருக்குள் போயின. கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் ஏறியது. டெபியன், உபுண்டு போன்றவற்றில் பல பதிப்புகள் ஒரே நிரலைப் பகிர்வதற்காகச் செய்தது அது. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு, கோப்பைத் திறக்காமலே எந்தப் பதிப்பு மாற்றியது என்று தெரிந்துகொள்ளும் வசதியாகிவிட்டது.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. மூல நிரல் எந்த ஃபோல்டரில் இருந்தது என்பதும் பைட்கோட்டுக்குள் பதிந்துவிடும். பிஒய்சி மட்டும் போன பெட்டியில் பிழை வந்தால், கட்டியவரின் கம்ப்யூட்டரில் உள்ள வீட்டு ஃபோல்டரின் பெயர், சில சமயம் அவருடைய பெயரே, பிழைச் செய்தியில் வந்து நிற்கும். 2020-இல் வந்த 3.9 முதல், முன்பகுதியை வெட்டிவிட்டு வேறு பாதையை ஒட்டவைக்கும் வசதி பைத்தானோடு வரும் கம்பைல்ஆல் கருவியிலேயே உண்டு.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் பைத்தான் முதல் செமஸ்டருக்கு வந்தது. 2019-இல் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்திலும் வந்தது. சத்திரத்தில் பஸ் இறங்கிக் கல்லூரிக்கு நடக்கும் பிள்ளைகளில் பைத்தான் தெரியாதவர் இன்று குறைவு. எங்களிடம் வேலைக்கு வருகிறவர்களும் அவர்கள்தான், நன்றாக எழுதுகிறார்கள். ஆனால் தங்கள் நிரலுக்குப் பக்கத்தில் தானாக முளைத்த ஃபோல்டருக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை.

அதனால் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். லேப் நேரத்தில் ஒரே ஒரு வகுப்பை இதற்குக் கொடுங்கள். ஒரு பிஒய்சி கோப்பின் முதல் பதினாறு பைட்டைத் திரையில் காட்டுங்கள். மூல நிரலின் தேதியை மாற்றி, பைத்தான் என்ன செய்கிறது என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள். கல்லூரியில் ஒரு ராஸ்ப்பெரி பை இருந்தால், வேறு பதிப்பில் செய்த கோப்பை அதில் ஏற்றி, அது மறுப்பதையும் காட்டுங்கள்.