நீலமலையில் வாழ்ந்த நாவலாசிரியை

விக்டோரியா காலத்து ஆங்கிலப் புதினம் என்றதும் டிக்கன்ஸ், தாக்கரே, ஜார்ஜ் எலியட், ஹார்டி எனக் கல்லூரிப் பாடத்திட்டம் பழக்கிவிட்ட பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 1837 முதல் 1901 வரை அவ்வரசி ஆண்ட காலத்தில் எழுந்த ஆங்கிலப் புதினங்கள் யாவும் இங்கிலாந்தில் எழுதப்பட்டவை அல்ல. எழுதியோர் யாவரும் ஆங்கிலேயரும் அல்லர். அப்பெரும் தொகுதியின் பின்வரிசையில், கவனிப்பாரின்றி இருக்கும் இரு புதினங்களை எழுதியவர் நம் உதகையில் வாழ்ந்த ஓர் இந்தியப் பெண்மணி. அவர் பெயர் கிருபாபாய் சத்தியநாதன்.

நீலகிரியின் இலக்கியத் தொடர்பைப் பேசுவோர் 1834இல் சில மாதங்கள் இங்குத் தங்கிய மெக்காலேயைச் சொல்வர். 1851இல் கோவாவையும் நீலமலையையும் பற்றி நூல் வெளியிட்ட ரிச்சர்டு பர்ட்டனைச் சொல்வர். 1874இல் வந்து ஓவியம் தீட்டிய எட்வர்டு லியரையும் சொல்வர். இவர்கள் விருந்தினர், வந்தனர், கண்டனர், சென்றனர். இங்கே குடும்பம் நடத்தி, பள்ளி தொடங்கி, முதன்முதலாகப் பேனா பிடித்தவரை நாம் மறந்துவிட்டோம் என்பது சற்று வெட்கத்திற்குரியதே.

கிருபாபாய் 1862இல் அகமத்நகரில் பிறந்தார். பெற்றோர் அந்தணக் குலத்திலிருந்து கிறித்தவம் தழுவிய மராட்டியர். மருத்துவம் பயில இங்கிலாந்து செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது; உடல்நிலை இடந்தரவில்லை. 1875இல்தான் பெண்களுக்குக் கதவு திறந்திருந்த சென்னை மருத்துவக் கல்லூரியில் 1878இல் சேர்ந்தார். முதலாண்டிலேயே சிறந்து விளங்கினார். நலிவு மீண்டும் தடுத்தது. சென்னையில் அவர் தங்கியிருந்தது போதகர் டபிள்யூ. டி. சத்தியநாதனின் இல்லம். அவர் மகன் சாமுவேல், கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பியவர். 1881இல் இருவருக்கும் திருமணம் நடந்தது.

சாமுவேல் உதகை பிரீக்ஸ் நினைவுப் பள்ளியின் தலைமையாசிரியரானார். கிருபாபாயும் வாளாவிருக்கவில்லை, இசுலாமியச் சிறுமியருக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். தோடர்களைக் கண்டு வந்து அவர் எழுதிய கட்டுரை, ‘ஓர் இந்தியப் பெண்’ என்ற புனைபெயரில் வெளிவந்தது. அவருடைய எழுத்து வாழ்வின் தொடக்கம் அதுதான். தோடரைப் பற்றி அதிகாரிகளும் பாதிரிமாரும் எழுதிக் குவித்த காலம் அது. ஓர் இந்தியப் பெண் மந்துக்குச் சென்று எழுதினார் என்பதே தனிச் செய்தி. பின்னர் இராஜமகேந்திரம், கும்பகோணம், சென்னை என இடம் மாறினர். ஈன்ற மகவு ஓராண்டு நிறையுமுன்னே இறந்தது. காசநோய் முற்ற, 1894இல், முப்பத்திரண்டே வயதில் கிருபாபாய் மறைந்தார்.

‘சகுணா’ 1887-88இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்து, 1895இல் நூலாயிற்று. தன் வரலாற்றையே புதினமாக்கியது. தமையன் பாஸ்கரை இழந்த தங்கையின் துயரம் அதில் உண்மையாக ஒலிக்கிறது. வெள்ளையர் சிலரின் மேட்டிமையும், அவர்களைப் பார்த்து நடையுடை மாற்றிக்கொண்ட நம்மவரின் போலித்தனமும் அதில் தப்பவில்லை. மதப்பணியாளர் சூழலில் வளர்ந்து, அவர்தம் இதழிலேயே இதை எழுதத் துணிவு வேண்டும். விக்டோரியா அரசியே இந்நூலைப் படித்துவிட்டு அவருடைய வேறு நூலும் உண்டோ என்று வினவினாராம். இச்செய்தியை எல்லாரும் சொல்கின்றனர்; நூலைப் படித்துச் சொல்வோர் சிலரே.

என் மதிப்பீட்டில் மேலானது, அவர் மறைந்த 1894ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த ‘கமலா’. மலைப்புறத்தில் துறவியான தந்தையிடம் வளர்ந்த பெண் புகுந்த வீட்டிற்கு வருகிறாள். மாமியாரின் கடுமை, நாத்தியின் ஏச்சு, கூடிப் பேசும் சிறு பெண்களின் கிசுகிசுப்பு ஆகியவற்றை உள்ளிருந்து பார்த்தவர்போல் ஆசிரியர் வரைகிறார். கணவன் கணேசன் கொடியவன் அல்லன். மனைவிக்கு எழுத்தறிவிக்க ஆசைப்படுகிறான். தாயின் முணுமுணுப்புக்கும் சாயி என்னும் மற்றொருத்தியின் கவர்ச்சிக்கும் முன்னால் அவ்வாசை நிற்கவில்லை. நல்லெண்ணம் உடையவனின் கோழைமை என்ன செய்யும் என்பதை இத்துணை நிதானமாகக் காட்டிய எழுத்து அந்நாளில் அரிது.

கைம்பெண்ணான கமலாவை இராமச்சந்தர் மணக்க வேண்டுகிறான். அவள் மறுக்கிறாள். உருக்மாபாய் வழக்கும் 1891ஆம் ஆண்டின் இசைவு வயதுச் சட்டமும் நாட்டையே இரண்டாக்கியிருந்த வேளை அது. கிறித்தவர் ஒருவர் எழுதிய கதையில் நாயகி மதம் மாறவுமில்லை, மறுமணம் புரியவுமில்லை. இதைப் பின்வாங்கல் என்பார் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. தான் விரும்பும் முடிவைத் தன் பாத்திரத்தின்மேல் சுமத்தாத நேர்மை அது. ஆயினும் இறுதி இயல்களில் அவசரம் தென்படுவதை மறுப்பதற்கில்லை. நோயோடு போட்டியிட்டு எழுதிய கை அல்லவா!

‘கமலா’ நூலானபோது இராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்துகொண்டிருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, கிறித்தவக் கல்லூரியில் பயின்ற மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ வந்தது. 1903இல் அவரே ‘முத்துமீனாட்சி’யில் இளங்கைம்பெண்ணுக்கு மறுமணம் செய்து வைத்தார். இந்நால்வகைக் கதைகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் ஆய்வாளருக்கு நல்ல விருந்து காத்திருக்கிறது. பெண் வாழ்வை ஆடவர் மூன்று நூல்களில் எழுத, ஒன்றில் மட்டும் ஒரு பெண் எழுதுகிறார்.

ஏன் மறந்தோம்? தாய்மொழி மராத்தி, புகுந்த வீட்டு மொழி தமிழ், எழுதியது ஆங்கிலம். மூன்று இலக்கிய வரலாற்றாரும் இவரை மற்றவருடையவர் என்று விட்டுவிட்டனர். இத்தனைக்கும் இரு புதினங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்பே தமிழாக்கம் பெற்றவை. நூறாண்டு கழித்து, 1998இல், இலங்கையில் பிறந்த சாந்தனி லொக்குகே பதிப்பிக்க ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் இரண்டையும் ஆங்கிலத்தில் மீண்டும் வெளியிட்டது. அந்தப் பழைய தமிழாக்கங்களுக்கும் ஒரு புதிய பதிப்பு வேண்டும். அதனுடன், 1896இல் வந்த அவருடைய சில்லறை எழுத்துகளின் தொகுப்பிலிருந்து தோடர் கட்டுரையையும் பெயர்த்துச் சேர்க்கலாம். அப்பணியை இம்மலையிலுள்ளோர் ஏற்பதே பொருத்தம்.