உள்ளூர் கிளவுடில் டெஸ்ட்: ஒரு விதிக்கு உரை

எங்கள் குழுவில் டெஸ்ட் எழுதுவோர்க்கு உள்ள விதி இது:

"முகவரியை வெளியே வை, பொய்ச் சாவி கொடு, தயாரா என்று கேட்டுத் தொடங்கு, டெஸ்டுக்கு ஒரு பக்கெட், அனுமதியை மட்டும் நிஜ கிளவுடில் பார்."

விதி சொல்வது லோக்கல்ஸ்டாக்கைப் பற்றி. அமேசானின் எஸ்3, எஸ்க்யூஎஸ், டைனமோடிபி முதலிய சேவைகளை நம் கணினியிலேயே, ஒரு டாக்கர் கன்டெய்னருக்குள் நடித்துக் காட்டும் மென்பொருள் அது.

முகவரியை வெளியே வை: லோக்கல்ஸ்டாக்கில் எல்லாச் சேவைக்கும் 4566 என்ற ஒரே போர்ட். அதைக் கோடுக்குள் எழுதினால் டெஸ்டுக்கென்று தனிக்கிளை முளைக்கும்; சோதித்த பாதை ஒன்று, வாடிக்கையாளர் நடக்கும் பாதை வேறொன்று என்றாகும். என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்துவிடுங்கள். 2023 முதல் அமேசானின் எஸ்டிகேக்கள் பலவும் முகவரியை அங்கிருந்து தாமே எடுத்துக்கொள்கின்றன.

பொய்ச் சாவி கொடு: விதியின் உயிர் இங்கேதான். சாவி, ரகசியம் இரண்டிலும் 'டெஸ்ட்' என்று எழுதினாலே லோக்கல்ஸ்டாக் ஏற்கும். என்றாவது முகவரி விடுபட்டு அழைப்பு நிஜ அமேசானுக்குப் போனால், இந்தச் சாவியை அது ஏற்காது. ஒரு ஃபைலும் அழியாது. சாவி எங்கும் ஒன்றாகவே இருக்கட்டும். ஏனென்றால், டைனமோடிபியை உள்ளூரில் ஓட்ட அமேசானே தரும் டைனமோடிபி லோக்கல், ஷேர்ட்டிபி என்ற ஆப்ஷன் தராவிட்டால் சாவிக்கும் ரீஜனுக்கும் தனித்தனி தரவுத்தளம் வைத்துக்கொள்ளும். நேற்று உருவாக்கிய டேபிள் இன்று காணோம் என்று தேடுவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

தயாரா என்று கேட்டு: கன்டெய்னர் எழுந்ததும் சேவை எழுந்துவிடாது. பத்து நொடி தூங்கவைப்பது தீர்வல்ல; ஹெல்த் முகவரியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

டெஸ்டுக்கு ஒரு பக்கெட்: ஒன்றின் மிச்சத்தில் இன்னொன்று பாஸ் ஆகக்கூடாது.

அனுமதியை மட்டும்: இந்த 'மட்டும்' என்பதை நான் ஏற்கவில்லை. லோக்கல்ஸ்டாக் இயல்பாக ஐஏஎம் அனுமதிகளைச் சோதிப்பதில்லை என்பது உண்மை. எழுதும் உரிமையே இல்லாத கோடும் உள்ளூரில் பாஸ் ஆகும். ஆனால் டைனமோடிபி லோக்கல் வேக வரம்பையும் பொருட்படுத்தாது. அதனால் நிஜத்தில் வரும் நெருக்கடி அங்கே தெரியவே தெரியாது. எஸ்க்யூஎஸ் சாதாரண வரிசையோ ஒரே செய்தியை இருமுறையும் தரலாம். அது உள்ளூரில் தானாக நேரும் என்று காத்திருக்க முடியாது. அதே செய்தியை நாமே இருமுறை அனுப்பிப் பார்க்க வேண்டும். பணம் தொடர்பான வரிசை உங்கள் கையில் இருந்தால், அந்த ஒரு டெஸ்டை முதலில் எழுதுங்கள்.