கல்லும் சாந்தும் – 9: துறைமுகத்தைப் பார்த்த மதுச்சாலை

மாளிகாவத்தையிலிருந்து மருதானை, புறக்கோட்டை கடந்து கோட்டைக்கு வந்தால், யோர்க் வீதியின் துறைமுக முனையில் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் நிற்கிறது. பழைய கொழும்பார் அதை ‘ஜீ.ஓ.எச்.’ என்றே சொல்வார்கள். பக்கத்திலேயே புனித பேதுரு தேவாலயம். ஒல்லாந்தத் தேசாதிபதியின் விருந்து மண்டபமாக இருந்து, பின்பு ஆங்கிலேயரின் கோயிலானது அது. ஹோட்டலுக்கும் அதுபோன்ற ஒரு முற்பிறவி உண்டு. 1837இல் அது சிப்பாய்கள் தங்குவதற்காக எழுந்த கட்டிடம்.

பட்டாளம் இருந்த இடத்தில் பியர் கோப்பைகள் வந்ததற்குக் காரணம் கடல். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. அதே ஆண்டு கோட்டையின் மதில்களை இடிக்கத் தொடங்கினார்கள். காவல் நகரம் வணிக நகரமானது. தேசாதிபதி வில்லியம் கிரகரியின் காலத்தில், பொதுவேலைத் திணைக்களக் கட்டிடக் கலைஞர் ஜேம்ஸ் ஸ்மிதர் பழைய பட்டாளக் குடியிருப்பை ஹோட்டலாக மாற்றினார். 1875 நவம்பர் 5ஆம் திகதி அது திறக்கப்பட்டது. அடுத்த மாதமே, டிசம்பர் 8ஆம் திகதி, வேல்ஸ் இளவரசர் கொழும்பு அலைதாங்கிக்கு அடிக்கல் வைத்தார். 1885இல் அந்த வேலை முடிந்தது. காலித் துறைமுகத்தில் நின்ற பெருங்கப்பல்கள் கொழும்புக்கு மாறின. கப்பலிலிருந்து இறங்கியவரின் கண்ணில் முதலில் படும் ஹோட்டல் இதுதான். சகலின் தீவுப் பயணம் முடித்து ஊர் திரும்பிய ருஷ்ய எழுத்தாளர் அன்ரன் செக்கோவ், 1890இல் இங்கேதான் தங்கினார்.

இனி ஹோட்டலின் மதுச்சாலைக்கு வருவோம். விக்டோரியா காலத்து லண்டன் மதுச்சாலைகளில் செதுக்குக் கண்ணாடித் தடுப்புகள் இருக்கும். ஒரு பக்கம் கூலித் தொழிலாளர், மறுபக்கம் கனவான்கள். கொழும்பில் அந்தக் கண்ணாடி தேவைப்படவில்லை. விலையும் உடுப்பும் தோல் நிறமும் அந்த வேலையைச் செய்தன. கப்பல் பயணிகளும் தோட்டத் துரைமாரும் ஜீ.ஓ.எச்.சில் குடித்தார்கள். அவர்களின் பெட்டிகளைச் சுமந்தவர்களுக்குத் தவறணை இருந்தது. சாராயம் விற்கும் உரிமையை அரசு குத்தகையாக ஏலத்தில் விட்டது. எடுத்தவர் தவறணை நடத்தினார். குத்தகை கைமாறக்கூடியது என்பதால், கட்டிடத்துக்குப் பணம் போட அவருக்குத் தேவை இல்லை. அதனால்தான் துரைமார் குடித்த இடங்களுக்குக் கட்டிடக்கலை வரலாறு இருக்கிறது, தவறணைகளுக்கு இல்லை. 1912இல் குத்தகை முறையை அரசு மாற்றியபோது மதுவிலக்கு இயக்கம் வலுத்ததும், அது தேசிய அரசியலுக்கு வழிவிட்டதும் தனிக்கதை.

வரைபடம் ஸ்மிதருடையது. அந்தக் காலத்துக் கொழும்பைக் கட்டிய கைகள் யாருடையவை? அதே ஸ்மிதர் வரைந்த கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர் அரசி மரிக்கார் வாப்புச்சி மரிக்கார். 1829இல் பிறந்த இந்த முஸ்லிம் கொந்தராத்துக்காரர் காலிமுக ஹோட்டல், புறக்கோட்டைப் பழைய நகர மண்டபம், சுங்கக் கட்டிடம் ஆகியவற்றையும் கட்டியவராகப் போற்றப்படுகிறார். 1877இல் நூதனசாலை திறந்தபோது, என்ன மரியாதை வேண்டும் என்று கிரகரி கேட்டாராம். வெள்ளிக்கிழமைகளில் கதவை மூடினால் போதும் என்றாராம் மரிக்கார். அந்த வெள்ளி விடுமுறை நீண்ட காலம் நடைமுறையில் இருந்தது.

ஜீ.ஓ.எச். இடையில் ‘தப்ரபேன்’ என்று பெயர் மாறி, பின்பு பழைய பெயருக்கே திரும்பியது. காலத்துக்கு ஏற்ற ஒரு வேலை எப்போதும் இருந்ததால்தான் அது தப்பிப் பிழைத்தது. கொம்பனித்தெருவின் டி சொய்சா கட்டிடத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒன்றரை நூற்றாண்டு நின்ற அது அண்மைக் காலத்தில் இடிபட்டது. பழைய கட்டிடத்துக்குப் பெயர்ப்பலகை மட்டும் மாட்டிவிட்டால் போதாது; அதற்குள் ஒரு தொழில் நடக்க வேண்டும். மாளிகாவத்தை, மருதானைப் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் குடும்பத்தில் கட்டிட வேலை செய்த பாட்டனார், பூட்டனார் எவரேனும் இருந்தால், அவர்கள் கட்டிய இடங்களை இப்போதே எழுதி வையுங்கள். தேசாதிபதிகளின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது; இவர்களின் பெயரை நாம்தான் எழுத வேண்டும்.

அடுத்த வாரம்: புறக்கோட்டைப் பழைய நகர மண்டபம்.